வீடு நகர்த்திய நாள்

செவ்வாய், வியாழன், சனி.
விடியுமுன் படகை அவிழ்ப்பேன்.
போர்வைக்குள் சுருண்டு ரோசமேல் உட்கார்ந்திருப்பான்.
எர்சிரா குனிந்து அவன் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுவாள்.
சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதனைத்
தீவிலிருந்து நகரத்துக்குக் கொண்டுபோய்
நான்கு மணிநேரம் ரத்தம் கழுவி
மாலை அலையோடு திருப்பிக் கொண்டுவருவது
இரண்டு வருடமாக என் வேலை.

கூலி கிடையாது.
டீசலுக்கு ஈடாக உருளைக்கிழங்கு,
நீலத்தோல் வகை, மண்கூட உதறாமல்.

ஒருநாள் நடுக்கடலில் மோட்டார் நின்றது.
சுற்றிலும் பனி. கரை எந்தப் பக்கம் என்று
கடற்பறவைக்கே தெரியவில்லை.
அன்று ஆண்டவரோடு சண்டை போட்டேன், வாய்விட்டு.
ஏன் இவன்?
கோயில் கூரைக்கு மரச்சில்லு பதித்தவன்.
மூன்று நாள் தேடி என் தம்பியின் உடலைக்
கடலிடமிருந்து வாங்கி வந்தவன்.
சிறுநீரகம் திடமாக இருக்கிற திருடர்கள்
எனக்கே மூன்று பேர் தெரியும்,
பெயர் சொல்லட்டுமா?

தண்ணீர் படகின் விலாவைத் தட்டிக்கொண்டிருந்தது.
வேறு பதில் இல்லை.
"கத்தி முடித்தாயா?" என்றான் ரோசமேல்.
"முடித்திருந்தால் பிளக்கைக் கழற்றித் துடை."

'எல்லாம் நன்மைக்கே' என்றாள் ஒரு ஞாயிறு
அடுத்த விரிகுடாவின் கிளதோமிரா.
நல்லவள்தான். ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.
எர்சிரா அடுப்பைத் திறந்து
ஒரு கட்டை செருகி மூடினாள்.
"விறகு ஈரம்" என்றாள்.
அவ்வளவுதான் அன்றைய இறையியல்.

அந்தக் குளிர்காலம் கடல் கரையைத் தின்று
அவர்கள் வாசற்படிவரை வந்துவிட்டது.
மிங்கா வைத்தோம்.
ஊர் கூடி வீட்டையே இழுப்பதற்கு இங்கே அதுதான் பெயர்.
கூலி, வயிறு நிறையச் சாப்பாடு.
சுவருக்கடியில் உருளைக்கட்டை, முன்னால் பன்னிரண்டு ஏர் மாடு,
மேட்டை நோக்கிக் கயிறு.

ரோசமேல் இறங்க மறுத்தான்.
"வீடு போகிற இடத்துக்கு நானும் போகிறேன்."
கட்டிலோடு உள்ளேயே கிடந்தான்.
அவன் ஜன்னல் கடலைப் பார்த்தது.
விட்டுப் போவதெல்லாம் தெரிந்தது அவனுக்கு,
வேலி, கோழிக்கூடு, பழைய கிணறு.
போகிற திசை தெரியவில்லை.

பாதி மேட்டில் ஒரு கயிறு அறுந்தது.
வீடு ஒருபக்கம் சாய்ந்தது.
உள்ளே ஒரு கோப்பை உடைந்த சத்தம்.
எர்சிரா ஒரே ஒரு முறை கத்தினாள்.
பிறகு யாரும் மூச்சுவிடவில்லை.
நான் பின்சுவரில் ஆப்பு பிடித்திருந்தேன்.
புதுக்கயிறு முடிந்து, மாடுகள் மறுபடி
ஒவ்வொரு குளம்பாக எடுத்து வைத்தன.

ஜன்னல் திறந்தது.
"முன்னால் யார் மாட்டைப் பிடித்திருக்கிறார்கள்?"
"தெரியவில்லை. பனி."
"வீடு நகர்கிறதா?"
"நகர்கிறது."
"சரி" என்று ஜன்னலை மூடிக்கொண்டான்.
கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

இதை உவமையாக்க எனக்கு மனமில்லை.
உவமை யாருடைய ரத்தத்தையும் கழுவாது.
போன மாதம் மருத்துவர் எர்சிராவைத் தனியே அழைத்தார்.
அவள் வெளியே வந்து
பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
நான் சொன்னேன்.
இருவரும் வழி முழுக்க
மழையைப் பற்றியே பேசினோம்.

'உமது சித்தம்' என்று ஆரம்பிக்கிறேன், தினமும்.
சில நாள் அந்த வாக்கியம் முடிகிறது.
சில நாள் முதல் சொல்லிலேயே
தொண்டை அடைத்து நிற்கிறது.
நிற்கிற நாளிலும்
அந்த முதல் சொல் 'உமது'தான்.
அதைப் பிடித்துக்கொள்கிறேன்,
ஆப்பைப் பிடித்த அதே கையால்.

வீடு மேட்டுக்குப் போனதில் ஒரு சிரமம்:
படகுக்கு இப்போது நூற்றிருபது எட்டு அதிகம்.
செவ்வாய், வியாழன், சனி
அவனைத் தோளில் சாய்த்து இறங்குகிறேன்.
எண்ணிக்கொண்டே வருவான்.
எண்பதில் நின்று மூச்சு வாங்குவோம்.
இன்னும் இருட்டு.
கீழே கடல் இருக்கிறது என்பது
சத்தத்தில் தெரிகிறது.